கடைசியாக எதைத் தொட்டோம்?

நம் பள்ளி நூலகத்தில், ஜன்னலோரம், செய்தித்தாள் மேசைக்கு அருகே ஒரு கணிப்பொறி இருப்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்த்தும் பொருட்படுத்தியிருக்க மாட்டீர்கள். அதற்கு வயது பதின்மூன்று. ஆறாம் வகுப்புத் தங்கையரைவிட மூத்தது. தூசி படியாமல் இருக்க நூலக ஆசிரியை தம் கையாலேயே தைத்துப் போட்ட பூப்போட்ட துணி உறை ஒன்று அதற்கு உண்டு. அந்த உறைக்குள் இருப்பது வெறும் இயந்திரம் அன்று. நூலகத்திலுள்ள ஆறாயிரத்துச் சொச்சம் நூல்களின் பெயர், ஆசிரியர் பெயர், வரிசை எண், இருக்கும் அலமாரி ஆகிய அனைத்தையும், மூன்று ஆண்டுகளாக மதிய உணவு இடைவேளைகளில் நூலக ஆசிரியை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து சேர்த்த பட்டியல் அதில்தான் இருக்கிறது. அந்தப் பட்டியலுக்கு வேறு பிரதி கிடையாது என்பது, நாங்கள் சொல்லப்போகும் அந்த வெள்ளிக்கிழமை மாலை வரை எங்களுக்குத் தெரியாது.

இக்கட்டுரை முழுவதும் ‘நாங்கள்’ என்றே எழுதுகிறோம். நாங்கள் நால்வர், பத்தாம் வகுப்பில் படிப்பவர்கள், கணிப்பொறி மன்றத்தைச் சேர்ந்தவர்கள். எவள் எதைச் செய்தாள் என்று பிரித்துச் சொல்வதில்லை என்பது எங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடு. அதற்குக் காரணம் போகப் போக விளங்கும்.

சில மாதங்களாகவே அந்தக் கணிப்பொறி மிகவும் சோர்ந்து போயிருந்தது. காலையில் பொத்தானை அமுக்கிவிட்டு வழிபாட்டுக் கூட்டத்துக்குப் போய்த் திரும்பினாலும் அது தயாராகியிருக்காது. ஒரு நூலைத் தேடச் சொன்னால், அது தேடி முடிப்பதற்குள் நாமே அலமாரிக்குப் போய் எடுத்து வந்துவிடலாம். பழுது பார்க்க வந்தவர், “இதைக் கழித்துவிட்டுப் புதிது வாங்குங்கள்” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமலில்லை. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கு அளித்து வந்த பொதுவான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடும், புதிய வகைப் பிராசஸரும் வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் விதி. பதின்மூன்று வயதுக் கிழவிக்கு இவை இரண்டும் இல்லை.

ஆனால் எங்கள் கணிப்பொறி ஆசிரியை வேறு வழி சொன்னார். “ரேமைக் கூட்டுவோம். பழைய ஹார்ட் டிஸ்க்கோடு எஸ்.எஸ்.டி. ஒன்றும் சேர்ப்போம். லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தைப் போட்டால் இன்னும் சில ஆண்டுகள் நன்றாக உழைக்கும்” என்றார். பள்ளி விழாவில் நாங்கள் சுண்டலும் எலுமிச்சைச் சாறும் விற்றுச் சேர்த்த பணம் கையில் இருந்தது. மதரிடம் போய் அனுமதி கேட்டோம். மதர் புன்னகையோடு தலையசைத்தார். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார். “உங்கள் மிஸ் பக்கத்தில் இல்லாமல் பெட்டியைத் திறக்கக் கூடாது. சரிதானா?” என்றார். “சரி, மதர்” என்று நால்வரும் ஒரே குரலில் சொன்னோம்.

அந்தச் சனிக்கிழமையே எங்களில் ஒருத்தியின் அப்பாவை அழைத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் புறப்பட்டோம். ராயப்பேட்டை மணிக்கூண்டிலிருந்து ஆட்டோவில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை வழியாக மவுண்ட் ரோடு சேர்ந்து, அதைக் கடந்துவிட்டால் ரிச்சி தெரு வெகு தூரமில்லை. மின்னணுச் சாமான்களுக்குத் தில்லி நேரு பிளேசுக்கு அடுத்த பெரிய சந்தை இதுதான் என்று சொல்வார்கள். ஆனால் தெரு என்னவோ குறுகலானதுதான். இரு புறமும் கடைகள். கடைக்கு வெளியே கடைகள். மாடிப்படியின் அடியிலும் ஒரு கடை. கட்டுக் கட்டாக ஒயர்கள் மல்லிகைச் சரம் போல் தொங்குகின்றன. எங்களில் ஒருத்தியின் தாத்தா அந்தக் காலத்தில் ரேடியோவுக்கு வால்வு வாங்க இங்கேதான் வருவாராம்.

ரேம் என்றால் எந்த ரேமும் எந்தப் பொறிக்கும் பொருந்திவிடாது என்பதை அங்கேதான் கண்ணால் கண்டோம். எங்கள் கணிப்பொறிக்கு வேண்டியது டி.டி.ஆர்.3 வகை. அதன் அடியில் 240 பொன்னிறத் தொடுமுனைகள் இருக்கும். அடுத்து வந்த டி.டி.ஆர்.4 வகையில் 288. தவறான வகையைச் செருகிவிடாதபடி, அடியில் உள்ள வெட்டும் இரண்டிலும் வெவ்வேறு இடத்தில் அமைக்கப்பட்டிருக்கிறது. பழைய ரேமில் ஒட்டியிருந்த சீட்டை எழுதிக்கொண்டு போயிருந்ததால், சரியானதையே வாங்கி வந்தோம்.

இனிதான் எங்கள் தவறு தொடங்குகிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கணிப்பொறி ஆசிரியை நூலகத்துக்கு வருவதாக ஏற்பாடு. அவரைத் திடீரென்று ஓர் ஆசிரியர் கூட்டத்துக்கு அழைத்துவிட்டார்கள். “நான் வரும்வரை பொறுங்கள்” என்று சொல்லி அனுப்பினார். பத்து நிமிடம் பொறுத்தோம். இருபது நிமிடம் பொறுத்தோம். மேசைமேல் ஸ்குரூ டிரைவர் இருந்தது. புதிய ரேம் உறைக்குள் பளபளத்தது. “நான்கு ஸ்குரூதானே! மிஸ் வருவதற்குள் முடித்துவிட்டால் சந்தோஷப்படுவார்கள்” என்று ஒருத்தி சொன்னாள். மற்ற மூவரும் அதற்காகவே காத்திருந்தவர்கள் போல எழுந்தோம். அவசரக்காரருக்குப் புத்தி மட்டு என்பது பழமொழி. அன்று நால்வருக்கும் மட்டு.

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினோம். ரேமைச் செருகினோம். எஸ்.எஸ்.டி.யை அதன் இடத்தில் வைத்து ஒயர்களை மாட்டினோம். மூடாமலேயே பொத்தானை அமுக்கினோம். பச்சை விளக்கு எரிந்தது. மின்விசிறி சுழன்றது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. சிறிது நேரத்தில், சிக்னல் இல்லை என்று ஓர் எழுத்துப் பெட்டி திரையில் இங்கும் அங்கும் மிதந்தது. அணைத்தோம், மறுபடி போட்டோம். அதே கதை. புதிய ரேமை உருவிவிட்டு, பழைய ரேமை மட்டும் வைத்துப் போட்டோம். அப்போதும் கறுப்புத் திரைதான். அதுதான் எங்களைக் கலங்க வைத்தது. புதிதாகச் சேர்த்ததால் கெட்டது என்றால், அதை எடுத்தவுடன் சரியாகியிருக்க வேண்டும் அல்லவா?

அந்த நேரத்தில்தான் நூலக ஆசிரியை உள்ளே வந்தார். திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார். எங்கள் முகங்களையும் பார்த்தார். “பட்டியல் இருக்கிறதல்லவா, கண்ணுகளா? அதற்கு வேறு நகல் நான் எடுத்து வைக்கவில்லையே” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எங்களுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

நாலரை மணிக்குக் கணிப்பொறி ஆசிரியை வந்தார். எங்கள் கீழ்ப்படியாமையைப் பற்றி அப்போது ஒன்றும் சொல்லாமல் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். “என்னென்ன மாற்றினீர்கள் என்று வரிசையாக எழுதுங்கள்” என்றார். எழுதினோம். ஒன்று, ரேம். இரண்டு, எஸ்.எஸ்.டி. “அவ்வளவுதானா?” என்றார். “அவ்வளவுதான், மிஸ்” என்றோம். அவர் பவர் ஒயரைப் பார்த்தார், திரையின் ஒயரைக் கழற்றி மாட்டினார், எஸ்.எஸ்.டி.யைப் பிரித்து வைத்தார். பயனில்லை. மணி ஐந்தரை ஆகிவிட்டது. காவலாளி கதவைப் பூட்ட வந்துவிட்டார். “திங்கட்கிழமை பார்ப்போம். புது ரேம் நல்லதுதானா என்று வாங்கிய கடையில் சோதித்து வாருங்கள்” என்று அனுப்பி வைத்தார்.

சனிக்கிழமை மறுபடியும் ரிச்சி தெரு. இம்முறை வேடிக்கை பார்க்க மனமில்லை. கடைக்காரப் பெரியவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டுக்கொண்டு ரேமை வாங்கினார். அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்து, மேசைமேல் பெட்டியில்லாமல் வெறுமனே கிடந்த ஒரு மதர்போர்டில் செருகினார். திரை உடனே வெளிச்சமாயிற்று.

“ரேம் நல்லா இருக்கு பாப்பா. குத்தம் இதுல இல்ல. கடைசியா எதத் தொட்டீங்க?” என்று கேட்டார்.

“ரேமும் எஸ்.எஸ்.டி.யும்தான் அங்கிள்.”

“அதத்தான் எடுத்துட்டீங்களே. அப்புறமும் ஓடலன்னா வேற எதையோ தொட்டிருக்கீங்க. நல்லா யோசிச்சுப் பாருங்க. மெஷினு தானா எதையும் கழட்டிக்காது.”

சோதித்ததற்குக் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். “ஒரே நேரத்துல ரெண்டு வேலை செய்யாதீங்கம்மா. ஒண்ணு மாட்டணும், போட்டுப் பாக்கணும். அப்புறம்தான் அடுத்தது” என்று சொல்லி அனுப்பினார்.

ஆட்டோவில் திரும்பும்போது எங்களில் மூவர் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தோம். ஒருத்தி மட்டும் பேசவில்லை. வயிற்று வலி என்று சொன்னாள். அவளுக்கு நினைவு வந்துவிட்டது. எஸ்.எஸ்.டி.க்கு ஒயர் மாட்டும்போது கை நுழைய இடமில்லாமல், பிராசஸர் அருகே குறுக்கே கிடந்த ஒரு சிறிய சதுரச் செருகியை ‘ஒரு நிமிடத்துக்குத்தானே’ என்று அவள் உருவிவிட்டிருந்தாள். பிறகு மணி அடித்தது, யாரோ கூப்பிட்டார்கள், மறந்தே போயிற்று. இப்போது சொன்னால் என்ன ஆகும்? ‘அதனால் மதர்போர்டே எரிந்து போயிருந்தால்? ஆறாயிரம் நூல்களின் பட்டியலும் போயிருந்தால்?’ அன்றிரவு அவள் தூங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் நூலகத்துக்குப் போனோம். ஏழாம் வகுப்பு மாணவிகளின் வரிசை வராந்தா வரை நீண்டிருந்தது. நூலக ஆசிரியை எங்கிருந்தோ தடித்த பழைய பதிவேட்டைத் தேடி எடுத்து, அட்டை கிழிந்த அதன் பக்கங்களைப் புரட்டிப் புரட்டி, ஒவ்வொரு நூலின் எண்ணையும் கண்டுபிடித்துக் கையால் எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமல் அருகிலேயே இருந்தது. எங்களைக் கண்டதும், “பரவாயில்லை, முன்பு இப்படித்தானே செய்தோம்” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் அவள் எங்களை வராந்தாவின் கோடிக்கு இழுத்துப் போய் அழுதுகொண்டே சொன்னாள். முதலில் எங்களுக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் வீணாயிற்றே என்று கேட்டோம். பிறகு ஒருத்தி, “மிஸ் வரும்வரை பொறுக்காமல் பெட்டியைத் திறந்தது நால்வரும்தானே!” என்றாள். அதற்கு எவளிடமும் பதில் இல்லை. நால்வருமாகவே கணிப்பொறி ஆசிரியையிடம் போனோம். “மிஸ், நாங்கள் எழுதிக் கொடுத்த தாளில் மூன்றாவதாக ஒன்று விட்டுப்போய்விட்டது” என்று சொன்னோம். ‘நாங்கள்’ என்று எழுதும் வழக்கம் எங்களுக்கு அங்கேதான் தொடங்கிற்று.

ஆசிரியை எங்களை ஒரு கணம் பார்த்தார். “விட்டுப்போன மூன்றாவதுதான் விடை” என்றார்.

அன்று மாலை பள்ளி முடிந்ததும் வேலை தொடங்கியது. முதலில் பவர் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினோம். பிடுங்கிய பிறகும் உள்ளே சிறிது மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால், பொத்தானை ஒருமுறை அமுக்கி அதையும் தீர்த்தோம். உடம்பில் தங்கும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்காதிருக்க, பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொட்டோம். ஆசிரியை டார்ச் விளக்கைப் பிடித்தார். செருகியை உருவியவளே அதைத் திரும்ப மாட்ட வேண்டும் என்றார். அவள் கை நடுங்கியது. ‘கிளிக்’ என்று ஒரு சத்தம். பழைய ரேம் மட்டுமே உள்ளே. பொத்தானை அமுக்கினோம்.

திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. நாங்கள் போட்ட கூச்சலில் நூலகத்தின் ‘அமைதி காக்கவும்’ பலகை வெட்கப்பட்டிருக்கும். நூலக ஆசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார்.

ஆனால் கதை இன்னும் முடியவில்லை. அணைத்துவிட்டுப் புதிய ரேமைச் செருகினோம். மறுபடியும் கறுப்புத் திரை! வெள்ளிக்கிழமையாக இருந்தால் அழுதிருப்போம். திங்கட்கிழமை அழவில்லை. ஏனெனில், இம்முறை நாங்கள் மாற்றியது ஒன்றே ஒன்று. ஆகவே குற்றமும் அங்கேதான் இருக்க வேண்டும். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தோம். ரேமின் ஒரு முனையில் கொக்கி மூடியிருந்தது, மறுமுனையில் மூடவில்லை. பார்வைக்கு நேராக இருந்தாலும், அரை மில்லிமீட்டர் மேலே நின்றிருந்தது. எடுத்து மறுபடி வைத்து, இரு முனைகளையும் இரு கட்டைவிரல்களால் சமமாக அழுத்தினோம். இரண்டு கொக்கிகளும் தாமே எழுந்து பிடித்துக்கொண்டன. 4096 என்றிருந்த நினைவக எண் 8192 ஆயிற்று. அதன் பிறகே எஸ்.எஸ்.டி.யை மாட்டினோம்.

பட்டியலைத் திறந்தோம். முதல் நூலிலிருந்து கடைசி நூல் வரை ஒன்றுகூடக் குறையவில்லை.

பிறகு ஆசிரியை கரும்பலகையில் வரைந்து விளக்கினார். கணிப்பொறியின் பொத்தானை அமுக்கியவுடன் அது ஹார்ட் டிஸ்க்கைத் தேடிப் போவதில்லை. முதலில் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. பிராசஸர் இருக்கிறதா, ரேம் இருக்கிறதா, திரைக்குப் படம் அனுப்பும் உறுப்பு இருக்கிறதா என்று, காலையில் வகுப்பாசிரியை வருகைப் பதிவு எடுப்பது போல ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்க்கிறது. எல்லாரும் ‘உள்ளேன்’ என்று சொன்ன பிறகே பாடம் தொடங்கும். அதாவது இயங்குதளம் டிஸ்க்கிலிருந்து அழைக்கப்படும். ரேம் என்பது கரும்பலகை. டிஸ்க் என்பது புத்தக அலமாரி. கரும்பலகை இல்லாவிட்டால் பாடம் நடக்காது. ஆனால் அலமாரியிலுள்ள புத்தகங்களுக்கு ஒன்றும் நேராது. நூலக ஆசிரியையின் பட்டியல் அந்த மூன்று நாளும் டிஸ்க்கில் பத்திரமாகவே இருந்திருக்கிறது. பயம்தான் எங்களைத் தின்றது.

அந்தச் சதுரச் செருகியில் நான்கே துளைகள். மதர்போர்டுக்கு மின்சாரம் தரும் பெரிய 24 துளைச் செருகி வேறு; பிராசஸருக்கு 12 வோல்ட் தரும் இந்தச் சிறு செருகி வேறு. பெரியது மாட்டியிருந்ததால் விளக்கு எரிந்தது, விசிறி சுழன்றது. சிறியது கழன்றிருந்ததால் பிராசஸர் விழிக்கவே இல்லை. ஆகவே வெள்ளிக்கிழமை எங்கள் பெட்டியில் ஒன்றல்ல, இரண்டு குற்றங்கள் ஒரே நேரத்தில் இருந்திருக்கின்றன. ரேம் சரியாக உட்காரவில்லை, செருகியும் கழன்றிருந்தது. ரேமை எடுத்தபோது முதல் குற்றம் நீங்கிற்று; ஆனால் இரண்டாவது அதை மறைத்துக்கொண்டது. ஒன்றொன்றாகச் செய்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலை இது. நோய் இன்னதென்று அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, தீர்க்கும் வழியை அறிந்து, அதன் பிறகே மருத்துவம் செய்ய வேண்டும் என்று திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் சொல்வதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தோம். அன்றுதான் அது கணிப்பொறிக்கும் பொருந்தும் என்று கண்டோம்.

மதரிடமும் சொல்ல வேண்டியிருந்தது. அதுதான் எல்லாவற்றிலும் கடினமான வேலை. வாக்கைக் காப்பாற்றாததற்கு ஒரு வாரம் நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டை போடும்படி பணித்தார். அது நியாயமே. பிறகு, “சிஸ்டர் மேரி கென்னத் கெல்லரைப் பற்றித் தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது என்றோம். அமெரிக்க நாட்டுக் கன்னியர் ஒருவர், 1965இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி இயலில் டாக்டர் பட்டம் பெற்றாராம். அந்நாட்டில் அத்துறையில் அப்பட்டத்தை முதன்முதலாகப் பெற்றவர்களுள் அவர் ஒருவர். பிறகு அயோவா மாநிலத்தில், அந்நாளில் பெண்கள் கல்லூரியாக இருந்த கிளார்க் கல்லூரியில் கணிப்பொறித் துறையைத் தொடங்கி, இருபது ஆண்டுகள் நடத்தினார். 1985இல் காலமானார். “கன்னியர் மடத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் தொடர்பில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம்” என்று சொல்லி மதர் சிரித்தார். ‘மதருக்குத் தெரியாமல் மதர்போர்டைத் தொட்டால் இதுதான் கதி’ என்று வகுப்பில் எங்களைக் கேலி செய்தது அவர் காதுக்கும் எட்டியிருந்ததோ என்னவோ!

அட்டை போட்ட அந்த ஒரு வாரத்தில் இத்தகைய செய்திகளைத் தேடிப் படித்தோம். 1946இல் அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உலகுக்கு அறிமுகமான எனியாக் என்னும் கணிப்பொறியில் ஏறக்குறைய 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அதற்கு வேலை சொல்லிக் கொடுத்தவர்கள் ஆறு பெண்கள். அவர்களுள் கே மெக்நல்டி, ஃபிரான் பிலாஸ் இருவரும் கன்னியர் நடத்திய செஸ்ட்நட் ஹில் கல்லூரியில் கணிதம் படித்து 1942இல் பட்டம் பெற்றவர்கள். தொடக்கத்தில் இந்த அறுவரையும் அந்த இயந்திரத்தின் அருகிலேயே விடவில்லை. வெறும் வரைபடங்களை வைத்துக்கொண்டே அதன் ஒவ்வோர் உறுப்பையும் கற்றார்கள். கற்றதன் பயனாக, பொறி நின்றுவிட்டால் எந்தக் குழாயில் கோளாறு என்பதைத் தேடிக் கண்டுபிடிக்கும் அளவுக்குத் தேர்ந்தார்கள். முதலில் புரிந்துகொண்டு, பிறகு கைவைத்தவர்கள் அவர்கள். நாங்கள் அதைத் தலைகீழாகச் செய்தோம்.

1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க் 2 என்னும் கணிப்பொறி தடுமாறியபோது, அதன் ரிலே ஒன்றுக்குள் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருப்பதைக் கண்டார்கள். கிரேஸ் ஹாப்பர் அம்மையார் பணிபுரிந்த குழு அது. பூச்சியைத் தூக்கி எறிந்துவிடவில்லை. பணிப்பதிவேட்டிலேயே ஒட்டி, நேரத்தையும் இடத்தையும் எழுதி வைத்தார்கள். அந்தப் பக்கம் இன்றும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோளாறுக்குப் ‘பூச்சி’ என்று பெயர் சொல்லும் வழக்கம் அதற்கு முன்பே இருந்ததுதான். எங்களை ஈர்த்தது பெயரன்று. என்ன நடந்ததோ அதை மறைக்காமல் எழுதி வைத்த அந்தப் பழக்கம்தான். எங்கள் தாளிலும் அப்படி மூன்று வரி இருந்திருக்க வேண்டும்.

உங்கள் வீட்டுக் கணிப்பொறியில் ஏதேனும் சேர்த்த பிறகு அது ஓட மறுத்தால், நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட இவை உதவக்கூடும்:

1. பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் திறக்காதீர்கள். மின்சாரத்தைச் சுவரிலிருந்தே துண்டியுங்கள். எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்பெட்டியை மட்டும் ஒருபோதும் பிரிக்காதீர்கள்; ஒயரைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

2. திறந்தவுடன், எதையும் தொடுமுன் ஒரு படம் எடுத்து வையுங்கள். எது எங்கே மாட்டியிருந்தது என்று பிறகு தர்க்கம் வராது.

3. ஓடவில்லை என்றால், கடைசியாக ஓடிய நிலைக்குத் திரும்புங்கள். புதிதாகச் சேர்த்ததை எடுங்கள், கழற்றியவற்றை மாட்டுங்கள், ஒரே ஒரு ரேமை வைத்துப் பாருங்கள்.

4. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் போட்டுப் பாருங்கள்.

5. விசிறி சுழல்வதாலேயே எல்லாவற்றுக்கும் மின்சாரம் போகிறது என்று எண்ணாதீர்கள். பெரிய செருகி, பிராசஸரின் சிறு செருகி, தனி கிராபிக்ஸ் அட்டை இருந்தால் அதன் செருகி எல்லாவற்றையும் பாருங்கள்.

6. ரேமின் இரு கொக்கிகளும் மூடியிருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். ஓசையை மட்டும் நம்பாதீர்கள்.

7. இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, முக்கியமானவற்றுக்கு வேறிடத்தில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

இப்போது நூலகப் பட்டியலுக்கு மூன்று பிரதிகள் இருக்கின்றன. ஒன்று கணிப்பொறியில், ஒன்று கணிப்பொறி ஆசிரியையிடம், ஒன்று பென் டிரைவில், மதரின் அலமாரியில். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை தோறும் அவற்றைப் புதுப்பிப்பது எங்கள் பொறுப்பு. வரும் ஆண்டில் நாங்கள் பதினொன்றாம் வகுப்புக்குப் போகும்போது, அப்பொறுப்பை ஒன்பதாம் வகுப்புத் தங்கையரிடம் ஒப்படைப்போம். பெட்டியின் பக்கத் தகட்டில் உள்புறமாக ஒரு தாளையும் ஒட்டி வைத்திருக்கிறோம். திறப்பவர் யாராயினும் தேதி போட்டு, எதைத் தொட்டோம் என்று அதில் எழுத வேண்டும். முதல் மூன்று வரிகளை நாங்கள் எழுதியிருக்கிறோம். மூன்றாவது வரி மற்ற இரண்டையும்விடச் சற்றுப் பெரிய எழுத்தில் இருக்கும்.

பூப்போட்ட உறை பழையபடி அதன் மேல் இருக்கிறது. காலையில் பொத்தானை அமுக்கினால், நூலக ஆசிரியை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் திரை தயாராகிவிடுகிறது. மதிய இடைவேளையில் அவர் இப்போது சாப்பிடுகிறார். அதைப் பார்க்கத்தான் நாங்கள் நால்வரும் சில நாள் வேலை எதுவும் இல்லாமலேயே நூலகத்துக்குப் போகிறோம்.

— பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு